கியர் ஆயில் வெளுத்துப்போய் வந்தால்: அவுட்போர்டு கியர்பாக்ஸ், ஷாஃப்ட், கிரீஸ் பற்றி விரிவாக

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் படிக்கவும் உதவும். ஃபைபர் படகு, 9.9 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு (படகின் பின்பக்கம் வெளியே மாட்டும் இஞ்சின்), வாங்கி இரண்டு வருடம். போன வாரம் கியர் ஆயிலை இறக்கியபோது பால் கலந்த டீ மாதிரி வெளுத்து வந்திருக்கிறது. பக்கத்தில் வேலை பார்ப்பவர், "ஆயிலை மாற்றி, கூடவே கொஞ்சம் கிரீஸையும் உள்ளே தள்ளிவிட்டால் ஓடும்" என்கிறார். அது போதுமா, எந்த இடத்துக்கு எந்த கிரீஸ், எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பது உங்கள் கேள்வி.

போதாது. ஆயில் வெளுத்திருக்கிறது என்றால் கியர்பாக்ஸுக்குள் கடல் தண்ணீர் போயிருக்கிறது. புது ஆயில் ஊற்றினாலும் தண்ணீர் வந்த வழி அப்படியேதான் திறந்திருக்கும். கரையோரத்தில் இருபது வருடத்துக்கு மேல் இந்த வேலை பார்க்கிறேன். என்னிடம் பல் உடைந்து, பேரிங் துருப்பிடித்து வந்த கியர்பாக்ஸ்களில் மிகப் பெரும்பாலானவை தண்ணீரால் போனவை. எந்தக் கம்பெனி ஆயில், எது விலை கூடிய கிரீஸ் என்று பேசுவதெல்லாம் அதற்கப்புறம்தான். கடலில் ஓடும் இஞ்சினுக்கு ஆயில் போடுவதில் பாதி வேலை, தண்ணீர் உள்ளே வராமல் பார்ப்பது.

ஒன்றை மட்டும் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஓடி நின்ற கையோடு ஆயிலை இறக்கினால், காற்றுக் குமிழி கலந்தும் நிறம் வெளுத்துத் தெரியும். அதைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து ஒரு மணி நேரம் வையுங்கள். குமிழியாக இருந்தால் தெளிந்துவிடும். தண்ணீராக இருந்தால் வெள்ளை அப்படியே நிற்கும், மறுநாள் அடியில் தண்ணீர் தனியாகப் படிந்தும் தெரியலாம். இன்னொரு வழியும் உண்டு. இஞ்சினை இரவு முழுக்க நேராக நிறுத்திவைத்து, காலையில் கீழ் பிளக்கை இரண்டு சுற்று மட்டும் தளர்த்திப் பாருங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனம் என்பதால் முதலில் சொட்டுவது தண்ணீராக இருக்கும். உங்கள் படகில் நிறமே இவ்வளவு வெளுத்திருப்பதால் எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் தானே புரியும். இஞ்சினிலிருந்து ஒரு ஷாஃப்ட் நேராகக் கீழே இறங்குகிறது. அதன் நுனியில் பினியன் என்ற சின்னப் பல்சக்கரம். அது முன்னோக்குக் கியரையும் பின்னோக்குக் கியரையும் எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நடுவில் இருக்கும் கிளட்ச் பல், நீங்கள் லிவரைத் தள்ளும்போது இந்த இரண்டில் ஒன்றைப் பிடித்து புரொப்பெல்லர் ஷாஃப்டைச் சுற்றவைக்கிறது. இந்த அளவு இஞ்சின்களில் பினியனுக்கு 13 பல், பெரிய கியருக்கு 27 பல் என்ற கணக்கு சாதாரணம். அதாவது இஞ்சின் 5000 சுற்று சுற்றினால் புரொப்பெல்லர் சுமார் 2400 சுற்று சுற்றும். இவ்வளவு விசையும் பல்லோடு பல் உரசும் ஒரு மெல்லிய கோட்டில்தான் போகிறது. அந்த இடத்தில் ஆயில் படலம் கிழியாமல் நிற்க வேண்டும். உள்ளே இருக்கும் ஆயில் மொத்தமே கால் லிட்டர் அளவு. அதில் இரண்டு மூடி உப்புத் தண்ணீர் கலந்தாலே அதிகம்.

பல் தேய்வதைவிட வேகமாக நடப்பது துரு. ஓடும்போது ஆயில் சுற்றிக்கொண்டிருக்கும், தண்ணீரும் அதோடு கலந்து சுற்றும். இஞ்சின் ஒரு வாரம் நின்றால் தண்ணீர் பேரிங் உருளைகளுக்கு நடுவே போய்த் தங்கிவிடும். அந்த இடத்தில் ஊசி குத்தினாற்போல் புள்ளி புள்ளியாகத் துரு விழும். அப்புறம் எவ்வளவு நல்ல ஆயில் ஊற்றினாலும் அந்தப் புள்ளி பேரிங்கைத் தின்றுகொண்டே இருக்கும். அதனால் வெளுத்த ஆயிலைப் பார்த்தால் சீல் (ஷாஃப்டைச் சுற்றித் தண்ணீரை அடைக்கும் ரப்பர் வளையம்) வாங்க நாள் ஆனாலும், ஆயிலை அன்றைக்கே இறக்கிப் புதுசை ஊற்றிவிடுங்கள்.

சரி, தண்ணீர் எந்த வழியாக வருகிறது? நம் கரையில் முதல் சந்தேகம் புரொப்பெல்லருக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் இருக்கும் ஆயில் சீல்தான். காரணம் வலை. புரொப்பெல்லரில் சிக்கிய வலை நரம்பை அறுத்துப் போட்டுவிட்டு மறந்துவிடுகிறோம். வெளியே தெரிவது போய்விடும், உள்ளே போனது போகாது.

சில மாதங்களுக்கு முன் ஒரு படகுக்காரர், ஒரே பருவத்தில் மூன்று முறை ஆயில் மாற்றியும் வெளுக்கிறது என்று இஞ்சினைக் கொண்டுவந்தார். புரொப்பெல்லரைக் கழற்றி, அதன் முன்னால் இருக்கும் தடித்த வாஷரையும் எடுத்தேன். ஷாஃப்டைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம் இருந்தது. அவர் அதைச் சீல் என்றே நினைத்தார். கத்தி முனையால் நெம்பினேன், உடைந்து வந்தது. தங்கூசி நரம்பு (நைலான் வலை நூல்) சுற்றிச் சுற்றி இறுகி, சூட்டில் உருகி, பிளாஸ்டிக் வாஷர் மாதிரி ஒட்டிப்போயிருந்தது. அதற்கடியில்தான் உண்மையான சீல். அதன் உதடு ஒரு பக்கம் முழுதாக அறுந்து உள்ளே மடிந்திருந்தது. அவர் ஊற்றிய மூன்று ஆயிலும் அந்த வழியாகத்தான் போயிருக்கிறது.

அந்த வழியில் தண்ணீர் உள்ளே போவதற்கு ஒரு காரணம் உண்டு. ஓடும்போது கியர்பாக்ஸ் சூடாகி உள்ளிருக்கும் காற்று விரியும், சீல் சரியில்லை என்றால் கொஞ்சம் ஆயில் வெளியே கசியும். இஞ்சினை நிறுத்தியதும் சுற்றிலும் இருக்கும் கடல் தண்ணீர் அதைச் சட்டென்று குளிரவைக்கும். உள்ளே காற்று சுருங்கும், உறிஞ்சும். வலை போட நிறுத்துகிறீர்கள், வலையை இழுத்து வாங்கும்போது நிறுத்துகிறீர்கள், ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு மிடறு.

அதனால் நான் எல்லோரிடமும் கேட்டுக்கொள்வது ஒரே ஒரு பழக்கம்தான். வாரம் ஒருமுறை புரொப்பெல்லரைக் கழற்றிப் பாருங்கள். நரம்பு சிக்கிய நாளில் கரைக்கு வந்ததும் கட்டாயம் கழற்றுங்கள். முதலில் அவசர நிறுத்தக் கயிற்றை எடுத்துவிட்டு, ஸ்பார்க் பிளக் வயர்களையும் கழற்றிவிடுங்கள். கியரில் இருக்கும்போது புரொப்பெல்லரைக் கையால் சுற்றினால் இஞ்சினும் சேர்ந்து சுற்றி ஸ்டார்ட் ஆகிவிடலாம். வேலை தெரிந்தவர்களே கையைக் காயப்படுத்திக்கொண்டிருக்கிறார்கள். இறக்கைக்கும் மேலே இருக்கும் தட்டுக்கும் நடுவில் ஒரு மரக்கட்டையைக் கொடுத்துவிட்டு நட்டைத் தளர்த்துங்கள். வாஷர்கள் வந்த வரிசையை அப்படியே தரையில் அடுக்கி வையுங்கள். முன்னால் இருக்கும் தடித்த வாஷரைத் திருப்பிப் போட்டாலோ விட்டுவிட்டாலோ புரொப்பெல்லர் கியர்பாக்ஸ் உடம்பில் உரசும்.

கழற்றியாயிற்று என்றால் ஷாஃப்டின் பல் வரிகளைத் துணியால் துடைத்து, பழைய கிரீஸை முழுக்க எடுத்துவிட்டு, புது மரைன் கிரீஸைப் பரவலாகத் தடவுங்கள். இதைச் செய்யாமல் ஒரு வருடம் விட்டால் அலுமினியப் புரொப்பெல்லரும் எஃகு ஷாஃப்டும் உப்பில் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும். அப்புறம் சுத்தியலும் நெருப்பும் இல்லாமல் வராது, சூடு காட்டினால் உள்ளே இருக்கும் ரப்பர் புஷ் போய்விடும். நட்டு கழலாமல் குறுக்கே மாட்டும் ஸ்பிளிட் பின்னை ஒவ்வொரு முறையும் புதுசாகப் போடுங்கள், எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) பின்னாக. பின் துளை பொருந்தவில்லை என்றால் நட்டைத் தளர்த்திப் பொருத்தாமல், இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பொருத்துங்கள்.

எந்த கிரீஸ் என்றால், தண்ணீரில் கரையாத, உப்பைத் தாங்கும் மரைன் கிரீஸ். கால்சியம் சல்ஃபோனேட் வகை கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள், உப்புத் தண்ணீரில் துருவைத் தடுப்பதில் அது நன்றாக நிற்கிறது. லாரிப் பட்டறைகளில் கிடைக்கும் ஏபி 3 லித்தியம் கிரீஸ் அவசரத்துக்கு ஆகும், ஆனால் சீக்கிரம் கழுவிப் போகும். இன்றைக்கு ஒன்று, நாளைக்கு இன்னொன்று என்று கலக்காதீர்கள். கிரீஸைக் கெட்டியாக்கும் சோப்பு வகை மாறினால் சில கிரீஸ்கள் ஒன்றோடொன்று சேராமல் இளகி வழிந்துவிடும். அப்புறம், கறுப்பாக இருக்கும் கிராஃபைட் கிரீஸைப் படகில் எங்கேயுமே தொடாதீர்கள். கடல் தண்ணீரில் கிராஃபைட்டும் அலுமினியமும் சேர்ந்தால் பேட்டரி மாதிரி வேலை செய்யும், தின்னப்படுவது அலுமினியம். நல்லது செய்வதாக நினைத்துப் பூசி, புரொப்பெல்லர் உள்பக்கம் வெள்ளைப் பொடியாகக் கொட்டிப்போனதைப் பார்த்திருக்கிறேன்.

கியர்பாக்ஸுக்குள் கிரீஸ் தள்ளுவது பற்றிக் கேட்டீர்களே, அதைச் செய்யவே செய்யாதீர்கள். கசிவு நின்ற மாதிரி தெரியும், உண்மைதான். ஆனால் கியர் சுற்றும்போது கிரீஸ் ஓரமாக ஒதுங்கி அங்கேயே நின்றுவிடும், ஆயில் மாதிரித் திரும்பி ஓடி வராது. பல்லும் பேரிங்கும் வறண்ட நிலையில் ஓடும். மேலே ஷாஃப்டைத் தாங்கும் பேரிங்குக்கு ஆயில் தானாக ஏறித்தான் போக வேண்டும். கிரீஸ் கலந்து கூழான ஆயில் அங்கே ஏறாது. கசிவை மறைத்துக் கியரைக் கொல்லும் வேலை அது.

அதேபோல இஞ்சின் ஆயிலையும் ஊற்றாதீர்கள். 40 என்று போட்ட இஞ்சின் ஆயிலும் 90 என்று போட்ட கியர் ஆயிலும் கையில் தொட்டால் ஏறக்குறைய ஒரே தடிப்புத்தான், எண்கள் வேறு வேறு அளவுகோல். வித்தியாசம் உள்ளே கலந்திருக்கும் மருந்தில் இருக்கிறது. பல்லோடு பல் அழுந்தும் இடத்தைக் காப்பாற்றும் மருந்து கியர் ஆயிலில்தான் உண்டு, அந்தக் கந்தக வாடை அதனால்தான். மரைன் கியர் ஆயிலில் இன்னொன்றும் உண்டு. கொஞ்சம் தண்ணீர் கலந்தாலும் சட்டென்று வலுவிழக்காது, துருவையும் தடுக்கும். உங்கள் இஞ்சின் புத்தகத்தில் எஸ்.ஏ.இ. 90 (தடிப்பு அளவு), ஜி.எல். 4 அல்லது ஜி.எல். 5 (கியர் ஆயிலின் தர எண்) என்று எது போட்டிருக்கிறதோ அந்தத் தரத்தில் மரைன் ஆயில் வாங்குங்கள். கால் லிட்டருக்காக லாரி ஆயிலைத் தேடிப் போவதில் மிச்சமாவது எதுவுமில்லை.

ஊற்றும் முறையில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். இஞ்சின் நேராக நிற்க வேண்டும். கீழ் பிளக்கைக் கழற்றி, பின் மேல் பிளக்கையும் கழற்றினால் ஆயில் முழுசாக இறங்கும். கீழ் பிளக்கில் காந்தம் இருந்தால் அதைப் பாருங்கள். மாவு மாதிரி சாம்பல் பூச்சு இருந்தால் பயமில்லை. விரலில் குத்தும் சீவல் இருந்தால் பல்லோ பேரிங்கோ உடைகிறது என்று அர்த்தம், அதற்குமேல் ஓட்டாதீர்கள். ஆயில் கறுத்துக் கருகிய வாடை அடித்தால் சூடேறியிருக்கிறது. புது ஆயிலை மேலிருந்து ஊற்றக் கூடாது. உள்ளே காற்று அடைபட்டு, நிரம்பிவிட்ட மாதிரி ஏமாற்றும். கீழ் ஓட்டையில் டியூப் முனையை வைத்து அழுத்தி, மேல் ஓட்டையில் குமிழி இல்லாமல் ஆயில் வழியும்வரை ஏற்றுங்கள். முதலில் மேல் பிளக்கை மூடுங்கள். மேலே அடைத்திருந்தால், கீழே டியூபை எடுத்துப் பிளக்கைப் போடும் நேரத்தில் சில சொட்டுக்கு மேல் போகாது. பிளக் வாஷரைப் புதுசாகப் போடுங்கள். சில ரூபாய்ச் சாமான். அழுந்திப் பழகிய பழைய வாஷரைத் திரும்பப் போட்டு, அதன் வழியாகவே தண்ணீர் ஏறிய கியர்பாக்ஸ்களும் என்னிடம் வந்திருக்கின்றன.

எத்தனை நாளுக்கு ஒருமுறை? புத்தகங்களில் பொதுவாக 100 மணி நேரம் அல்லது 6 மாதம், எது முதலில் வருகிறதோ அது என்று இருக்கும். நம்மவர்கள் அந்த 6 மாதத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். ஒரு நாளைக்கு 5 மணி நேரம் இஞ்சின் ஓடினால், 20 தொழில் நாளில் 100 மணி முடிந்துவிட்டது. அதாவது மாதம் ஒருமுறை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் படகு ஓட்டுகிறவருக்குத்தான் ஆறு மாதம் பொருந்தும். இஞ்சின் புதுசு என்றாலோ கியர் மாற்றியிருந்தாலோ முதல் ஆயிலை 10, 20 மணி நேரத்திலேயே இறக்கிவிட வேண்டும், பல் பழகும்போது உதிரும் பொடி அதில் இருக்கும்.

இனி, பலர் தொடவே தொடாத இடம். இஞ்சினிலிருந்து இறங்கும் அந்த நேர் ஷாஃப்டின் மேல் நுனி, கிராங்க் ஷாஃப்டுக்குள் பல் வரிகளால் பொருந்தியிருக்கிறது. வருடம் ஒருமுறையாவது கியர்பாக்ஸை இறக்கி அங்கே கிரீஸ் தடவ வேண்டும். இல்லையென்றால் இரண்டும் துருவில் ஒட்டிக்கொள்ளும், கியர்பாக்ஸ் கீழே வராது, இழுத்து உடைக்க வேண்டியதாகிவிடும். தடவும்போது பல் வரிகளின் பக்கங்களில் மட்டும் மெல்லியதாகத் தடவுங்கள். ஷாஃப்டின் மேல்முகத்தில் கிரீஸ் குவிந்திருக்கக் கூடாது. அது மேலே மாட்டி, போக இடமில்லாமல் ஷாஃப்டை முழுசாக உட்காரவிடாது. போல்ட்டை இறுக்க இறுக்க அந்த அழுத்தம் கிராங்க் மேலே போகும். கியர்பாக்ஸைப் பிடிக்கும் போல்ட்களின் மரையிலும் கிரீஸ் போட்டு ஏற்றுங்கள், அடுத்த வருடம் தலை உடையாமல் வரும்.

இறக்கும்போதே தண்ணீர்ப் பம்பின் இம்பெல்லரையும் (தண்ணீரைத் தள்ளும் ரப்பர் சக்கரம்) மாற்றிவிடுங்கள். அதற்கு மசகு கடல் தண்ணீரேதான். தண்ணீர் இல்லாமல் சில விநாடி ஓடினாலே ரப்பர் இறக்கை கருகத் தொடங்கும். கரையில் "ஸ்டார்ட் ஆகுதா பார்க்கலாம்" என்று வெறுமனே கயிறு இழுத்து ஓடவிடுவது அதனால்தான் கெடுதல். மாட்டும்போது இறக்கைகளில் சோப்புத் தண்ணீர் தடவி, ஷாஃப்ட் சுற்றும் பக்கமாகவே திருப்பி உள்ளே இறக்குங்கள்.

பிராக்கெட், திருப்பும் தண்டு, தூக்கும் கீல் ஆகிய இடங்களில் நிப்பிள் (கிரீஸ் ஏற்றும் சின்ன முனை) இருக்கும். கிரீஸ் கன்னால் பழைய கிரீஸ் வெளியே வரும்வரை அழுத்துங்கள். முதலில் துருக்கலந்த பழுப்பும் தண்ணீரும் வரும், நல்ல நிறத்தில் வந்ததும் நிறுத்தலாம். கியர் லிவர் இணைப்புகளில் ஒரு தடவல் போதும். துத்தநாக ஆனோடுக்கு மட்டும் கிரீஸும் கூடாது, பெயிண்டும் கூடாது. மற்ற உலோகத்தை உப்பு தின்னாமல், தான் கரைவதற்காகவே அது இருக்கிறது. பாதிக்கு மேல் கரைந்ததும் மாற்றுங்கள்.

கியர் போடும் விதத்தையும் சொல்ல வேண்டும், இதை ஆயிலால் சரிசெய்ய முடியாது. வேகத்தை முழுக்கக் குறைத்து, தயங்காமல் டக் என்று தள்ளுங்கள். மெதுவாகத் தள்ளினால் கிளட்ச் பல்லின் மூலைகள் கடகடவென்று அடித்து மழுங்கும். மழுங்கிவிட்டால் கியர் தானாகக் கழன்று விழத் தொடங்கும். அலையைத் தாண்டிக் கரையேறும்போதுதான் அது காலை வாரும். மணலில் புரொப்பெல்லர் தட்டுவதற்கு முன்பே இஞ்சினைத் தூக்கிவிடுவதும் அதே அளவு முக்கியம், மணல் சீலின் உதட்டை அரம் போல் அராவும். இஞ்சினைத் தோளில் தூக்கி வரும்போதும் கீழே படுக்கவைக்கும்போதும் தலைப்பகுதி கியர்பாக்ஸைவிட உயரமாக இருக்கட்டும். இல்லையென்றால் உள்ளே நிற்கும் உப்புத் தண்ணீர் சிலிண்டருக்குள் போய்விடும்.

விசைப்படகுக்காரர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகை ஏற்றும்போது, ஷாஃப்டின் ரப்பர் புஷ்ஷுக்கு கிரீஸ் பூசாதீர்கள். அது தண்ணீரில் ஓடுவதற்கென்றே செய்தது, சாதாரண கிரீஸ் பட்டால் ரப்பர் உப்பிப்போகலாம். ஷாஃப்ட் படகுக்கு வெளியே போகும் இடத்தை அடைக்கும் கிளாண்டு பேக்கிங்கில் ஷாஃப்ட் சுற்றும்போது சொட்டுச் சொட்டாக வருவதையும் முழுக்க நிறுத்த வேண்டாம், அந்தச் சொட்டுதான் அதைக் குளிர்விக்கிறது.

உங்கள் இஞ்சினுக்கு இப்போது என்ன செய்ய வேண்டும் என்றால், முதலில் ஆயிலை இறக்கி, புதுசு ஊற்றி, டிரம்மில் நல்ல தண்ணீர் வைத்துப் பத்து நிமிடம் மெதுவாக ஓட்டி, அதையும் இறக்கிவிடுங்கள். இது உள்ளே கழுவுவதற்கு. டிரம்மில் தண்ணீர் பம்ப் உறிஞ்சும் ஓட்டைக்கு மேலே நிற்க வேண்டும். அப்புறம் புரொப்பெல்லரைக் கழற்றி நரம்பு இருக்கிறதா பாருங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும் காற்று வைத்துச் சோதித்துவிடுங்கள். பிளக் ஓட்டைக்குப் பொருந்தும் முனையோடு சைக்கிள் பம்பும் அளவுமானியும் போதும். 10 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் வரை ஏற்றி, புரொப்பெல்லர் ஷாஃப்டையும் கியர் லிவரையும் கையால் அசைத்துக்கொண்டே சோப்பு நுரை தடவிப் பாருங்கள். நுரை கிளம்பும் இடம் புரொப்பெல்லர் சீலா, மேலே ஷாஃப்ட் சீலா, கியர் மாற்றும் கம்பியின் சீலா, பிளக் வாஷரா என்று அப்போதே தெரிந்துவிடும். தெரியாமல் எல்லாவற்றையும் பிரிக்காதீர்கள்.

புரொப்பெல்லர் சீல்தான் என்றால், பழைய சீலின் உதடு எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று கழற்றும் முன் போட்டோ எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பல மாடல்களில் இரண்டு சீல் இருக்கும், திசை மாறினால் புதுசும் கசியும். இரண்டுக்கும் நடுவே கிரீஸ் நிரப்ப வேண்டும். சீல் உட்கார்ந்திருந்த இடத்தில் ஷாஃப்டின் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் எந்த சீலும் நிற்காது. ஷாஃப்டை மாற்றவோ, அந்த இடத்துக்கு மெல்லிய எஃகு உறை போடவோ வேண்டியிருக்கும். நகம் வழுக்கிக்கொண்டு போனால் புது சீல் போதும். ஒரு வாரம் தொழில் பார்த்துவிட்டு, இரவு நிறுத்திவைத்து, காலையில் கீழ் பிளக்கை இரண்டு சுற்றுத் தளர்த்திப் பாருங்கள். முதல் சொட்டு என்ன நிறத்தில் வந்தது என்று எழுதுங்கள், மேற்கொண்டு சொல்கிறேன்.